பழைய ஆட்டமும் புதிய ஆட்டமும்

உணவில் ஒருவருக்கு உவப்பானது மற்றொருவருக்கு உவப்பதில்லை, இசையிலும் அப்படியே. இதனை யாவரும் அறிவோம். அறிந்து பொறுத்தும் கொள்கிறோம். ஆனால் வீடியோ விளையாட்டு ஆடுவோரிடத்தில் மட்டும் இந்தப் பொறுமை ஏனோ அரிதாகவே காணப்படுகிறது. நாற்பது வயதைக் கடந்த ஒருவரைக் கேட்டால், "இக்காலத்து ஆட்டங்களில் என்ன இருக்கிறது? கையைப் பிடித்து நடத்திச் செல்கின்றன, தோற்பதற்கே இடமில்லை" என்பார். அவருடைய மகனையோ மகளையோ கேட்டால், "பழைய ஆட்டங்களா? நான்கு கட்டங்களை அடுக்கி வைத்து அதை மனிதன் என்கிறார்கள்; ஒருமுறை இடறினால் முதலிலிருந்து தொடங்கச் சொல்கிறார்கள்" என்று சிரிப்பார்கள். இரண்டு கூற்றிலும் உண்மை இருக்கிறது. அந்த உண்மை எங்கிருந்து வந்தது என்பதையே இன்று உங்களோடு ஆராய விரும்புகிறேன். பழைய ஆட்டம் என்று நான் குறிப்பிடுவது, 1970-களின் தொடக்கம் முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுக் காலத்தில், பெரும்பாலும் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் தோன்றியவற்றை.

முதலில் காசைப் பற்றிச் சொல்லவேண்டும். சுவையைப் பற்றிப் பேச வந்தவன் காசைப் பற்றிப் பேசுகிறானே என்று எண்ணவேண்டாம். பழைய ஆட்டத்தின் சுவையை உருவாக்கியதே காசுதான். 1972-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அட்டாரி நிறுவனம் 'பாங்' என்ற ஆட்டத்தைச் செய்தது. இரண்டு மட்டைகள், ஒரு பந்து, அவ்வளவே. கலிபோர்னியாவில் சன்னிவேல் நகரத்து மதுக்கடை ஒன்றில் அதை வைத்துப் பார்த்தார்கள். சில நாட்களில் இயந்திரம் ஓடவில்லை என்று செய்தி வந்தது. போய்த் திறந்து பார்த்தபோது, காசுப் பெட்டி நிரம்பி அடைத்துக்கொண்டதே காரணம் என்று தெரிந்தது.

காசு போட்டு ஆடும் இயந்திரத்திற்கு என்று ஓர் இலக்கணம் இவ்வாறு அமைந்தது. புதிதாக வந்தவனுக்கு அரை நிமிடத்தில் ஆட்டம் புரியவேண்டும். சில நிமிடங்களில் அவன் தோற்கவும் வேண்டும். தோற்காவிட்டால் அடுத்த காசு விழாது. ஆயினும், 'இன்னும் சற்றுக் கவனமாக ஆடியிருந்தால் பிழைத்திருப்பேன்' என்ற எண்ணத்தோடு தோற்கவேண்டும். இல்லையேல் அவன் திரும்பி வரமாட்டான். இந்த மெல்லிய கோட்டின்மேல் நடக்கத் தெரிந்தவர்களே அக்காலத்தின் சிறந்த ஆட்டக் கலைஞர்கள்.

டைட்டோ நிறுவனத்திற்காக 1978-இல் தொமோஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வேற்றுலகப் படை வரிசை வரிசையாக இறங்கி வருகிறது. சுடச்சுட, எஞ்சியவை மேலும் மேலும் விரைந்து நகர்கின்றன; ஆடுபவனின் நெஞ்சும் அவற்றோடு சேர்ந்து துடிக்கிறது. இது முன்கூட்டித் திட்டமிட்டதன்று. அத்தனை உருவங்களையும் நகர்த்த அக்காலத்துச் செயலி திணறியது. உருவங்கள் குறையக் குறையச் சுமை குறைந்து, வேகம் தானே கூடியது. நிஷிகாடோ அதைத் திருத்தாமல் வைத்துக்கொண்டார். இயந்திரத்தின் இயலாமையே ஆட்டத்தின் உயிராயிற்று.

இரண்டு ஆண்டுகளுக்குப் பின், நாம்கோ நிறுவனத்தைச் சேர்ந்த தோரு இவாடானி, பெண்களும் விரும்பி ஆடத்தக்க ஓர் ஆட்டம் வேண்டும் என்று எண்ணி, சுடுதலை விட்டு உண்ணுதலைப் பொருளாகக் கொண்டார். 'பேக்-மேன்' பிறந்தது. அதில் வரும் நான்கு பேய்களுக்கும் நான்கு குணங்கள். சிவப்புப் பேய் நேரே துரத்தும். இளஞ்சிவப்புப் பேய் நாம் போகும் வழியில் சற்று முன்னே உள்ள இடத்தைக் குறி வைக்கும். ஆரஞ்சுப் பேயோ தொலைவிலிருந்து துரத்தி வந்து, அருகில் நெருங்கியதும் விலகி ஓடும். நாம் ஒரே வகையாக ஆடினால் அவையும் ஒரே வகையாகவே வரும். ஆகவே கற்றுக்கொள்ள முடியும். கற்றவன் நீண்ட நேரம் நிற்க முடியும். 256-ஆவது சுற்றில் திரையின் வலப்பாதி சிதைந்த குறிகளாகிவிடும். சுற்றை எண்ணும் எட்டு பிட்டு எண் 255-க்கு மேல் செல்லாது என்பதே அதற்குக் காரணம். முடிவென்று ஒன்றை யாரும் அமைக்கவில்லை, எண்ணே தீர்ந்துபோயிற்று.

ஆட்டம் வீட்டிற்குள் வந்தபோது காசின் இடத்தை நினைவகத்தின் வறுமை பிடித்துக்கொண்டது. 1985-இல் நிண்டெண்டோ வெளியிட்ட 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' முழுவதும் 40 கிலோபைட்டுக்குள் அடங்கியது. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம் அதைப்போலப் பல மடங்கு பெரியது. அந்த ஆட்டத்தில் வானத்து மேகமும் தரையிலுள்ள புதரும் ஒரே வடிவம். நிறம் மட்டுமே வேறு. இத்தனை சிக்கனத்தில் நீண்ட கதையை எங்கே வைப்பது? ஆகவே வழி கடினமாயிற்று. கைதேர்ந்தவர்கள் குறுக்கு வழிகளைக் கொண்டு ஐந்து நிமிடத்திற்குள் முடித்துவிடும் அந்த ஆட்டம், நம்மில் பலருக்கு ஒரு கோடை விடுமுறையையே விழுங்கியது. நம் நாட்டில் 1990-களில் விற்ற நகல் கருவிகளில்தான் பலரும் அதை ஆடினார்கள். கார்ட்ரிட்ஜுக்கு அன்று 'கேசட்' என்றே பெயர். '9999 ஆட்டங்கள்' என்று மேலட்டையில் அச்சிட்டு, உள்ளே சில ஆட்டங்களையே திரும்பத் திரும்ப அடுக்கிவைத்த வணிகத் திறமையையும் அந்நாளில் கண்டோம்!

பழைய ஆட்டத்தின் இன்பம் இன்னதென்று இப்போது சொல்லலாம். வீணை பயில்பவர் சரளி வரிசையை நூறு முறை வாசிக்கிறார். நூற்றோராவது முறையில் விரல் தானே இடமறிந்து செல்கிறது. அந்தக் கணத்தில் ஓர் இன்பம் இருக்கிறது. கேட்பவருக்கு அது தெரியாது, வாசிப்பவருக்கே தெரியும். பழைய ஆட்டத்தை விரும்புவோர் தேடுவது அந்தக் கணத்தை. தோல்வி அவர்களுக்குத் தண்டனையாகத் தோன்றுவதில்லை; பயிற்சியின் ஒரு பகுதியாகவே தோன்றுகிறது.

இந்த நிலை மாறத் தொடங்கியது, ஆட்டத்தை நிறுத்திய இடத்திலிருந்து தொடரும் வசதி வந்தபோது. 1986-இல் ஜப்பானில் வெளிவந்த 'செல்டா' ஆட்டம், ஆடுபவன் எட்டிய நிலையைக் காந்த வட்டில் எழுதி வைத்தது. மறு ஆண்டு அமெரிக்காவில் விற்ற கேசட்டில் அதற்கென்று ஒரு சிறு மின்கலமே வைத்தார்கள். பெரிய மாறுதல் இது. 1994-இல் சோனியின் பிளேஸ்டேஷன் குறுந்தகட்டைக் கொண்டுவந்தபோது, மாரியோவுக்குக் கிடைத்ததைப்போலப் பதினாறாயிரம் மடங்கு இடம் கிடைத்தது. கடினமாக்கி நீட்டவேண்டிய தேவை ஒழிந்தது. உலகத்தையே விரித்து வைக்க முடிந்தது.

என் தங்கை மகள் கல்லூரியில் பயில்கிறாள். 2017-இல் வந்த செல்டா வரிசை ஆட்டமாகிய 'பிரெத் ஆஃப் தி வைல்ட்' அவளுக்கு உயிர். ஒருநாள் மாலை முழுவதும் அதில் ஒரு மலைமேல் ஏறிக்கொண்டிருந்தாள். உச்சியை அடைந்ததும், "எத்தனை புள்ளி கிடைத்தது?" என்று கேட்டேன். "மாமா, இங்கிருந்து எரிமலை தெரிகிறது, பாருங்கள்" என்றாள். என் கேள்வி ஒரு காலத்தின் கேள்வி. அவள் விடை வேறொரு காலத்தின் விடை. சிறுவயதில் தெருவில் கிட்டிப்புள் ஆடியதும், இரவில் பாட்டியிடம் கதை கேட்டதும் இரண்டு தனித்தனி இன்பங்களாக இருந்தன. புதிய ஆட்டம் கதை கேட்கும் இன்பத்தையும், கதைக்குள் புகுந்து திரியும் இன்பத்தையும் ஆட்டத்தோடு பிணைத்துவிட்டது. அதனிடம் போய்க் கிட்டிப்புள்ளின் விறுவிறுப்பைக் கேட்டால் அது எவ்வாறு தரும்?

எனினும், இது முதியோருக்கும் இளையோருக்கும் உள்ள வேறுபாடு மட்டும் என்று நான் நம்பவில்லை. இங்கிலாந்தைச் சேர்ந்த ரிச்சர்டு பார்ட்டில், பலர் ஒரே நேரத்தில் கணினி வழியே கூடி ஆடும் 'மட்' என்னும் எழுத்து வடிவ ஆட்டத்தை உருவாக்கிய இருவருள் ஒருவர். 1996-இல் அவர் வெளியிட்ட கட்டுரை ஒன்றில், ஆடுவோரைச் சீட்டுக்கட்டின் நான்கு இனங்களாகப் பிரித்தார். சாதனையைக் குவிப்போர் டைமன். உலகத்தைத் தோண்டித் துருவிப் பார்ப்போர் ஸ்பேடு. பிறரோடு பழகுவதற்காகவே வருவோர் ஆர்ட்டின். பிறரை அடித்து வீழ்த்துவதில் மகிழ்வோர் கிளாவர். தாம் அறிந்த ஆட்ட வகைக்கே அவர் இதைச் சொன்னார். ஆயினும் என் தங்கை மகள் ஸ்பேடு என்பதிலும், நான் டைமன் என்பதிலும் எனக்கு ஐயமில்லை. அவள் 1980-இல் பிறந்திருந்தாலும் மலைதான் ஏறியிருப்பாள். ஏறுவதற்கு மலை இருந்திராது, அவ்வளவே.

இதற்குச் சான்று வேண்டுமானால், இக்காலத்து இளைஞர்களையே பாருங்கள். ஜப்பானின் ஃபிரம்சாஃப்ட்வேர் நிறுவனம் 2011-இல் வெளியிட்ட 'டார்க் சோல்ஸ்' பழைய ஆட்டங்களைப்போலவே இரக்கமற்றது. அவ்வழியில் வந்த 'எல்டன் ரிங்' 2022-இல் வெளிவந்து, ஓராண்டளவில் இரண்டு கோடிப் பிரதிகள் விற்றது. அவற்றை வாங்கியவர்கள் எல்லாரும் நரைத்த தலையினர் அல்லர்.

'டெட்ரிஸ்' கதை இன்னும் வியப்பானது. 1984-இல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் உருவாக்கிய இந்த ஆட்டத்தின் நிண்டெண்டோ வடிவம் 1989-இல் வந்தது. அதில் 29-ஆவது நிலையில் கட்டங்கள் விழும் வேகத்திற்குப் பொத்தானை அழுத்திப் பிடித்தால் ஓரத்திற்கு நகர்த்த முடியாது. ஆகவே அதுவே எல்லை என்று நெடுநாள் கருதினார்கள். பிறகு சிலர் கட்டைவிரலை நடுங்கச் செய்து மிக விரைவாக அழுத்தப் பழகினார்கள். 2020-ஐ ஒட்டி இன்னொரு முறை பரவியது: ஒரு கைவிரலைப் பொத்தான்மேல் வைத்து, மறு கையின் விரல்களால் கருவியின் அடிப்புறத்தைத் தாளம்போலத் தட்டுவது. நம் கடம் வித்துவான்கள் கண்டால் மெச்சுவார்கள். 2023 டிசம்பரில் 13 வயது அமெரிக்கச் சிறுவன் ஒருவன் இம்முறையில் 157-ஆவது நிலைவரை சென்றான். அதற்குமேல் ஆட்டத்தால் தாங்க முடியவில்லை. திரை உறைந்து நின்றது. தான் பிறப்பதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே வந்த ஆட்டத்தை, மனிதரில் முதல்வனாக அவன் அதன் எல்லைக்கே கொண்டுசென்றான்.

பழைய ஆட்டம் பார்க்க அழகற்றது என்ற குறைக்கு ஒரு விடை உண்டு. 1991-இல் வந்த 'சோனிக்' ஆட்டத்தில் அருவியை நெருக்கமான செங்குத்துக் கோடுகளாக வரைந்திருந்தார்கள். அக்காலத்துத் தொலைக்காட்சியின் படக்குழாயும் இணைப்புக் கம்பியும் அந்தக் கோடுகளை மங்கலாகக் கலந்து, ஊடுருவிப் பார்க்கத்தக்க நீராகக் காட்டின. இன்றைய தட்டைத் திரை கோடுகளைக் கோடுகளாகவே காட்டுகிறது. "அன்று அழகாகத்தான் இருந்தது" என்று தந்தையார் சொன்னால், அது வெறும் நினைவு மயக்கமன்று.

பழையதை விரும்புவோர் சொல்லும் ஒரு குறையை மட்டும் நான் முழுமனத்தோடு ஏற்கிறேன். காசுப் பெட்டி மீண்டும் வந்துவிட்டது. உள்ளே என்ன இருக்கிறதென்று அறியாமலே பணம் கொடுத்துத் திறக்கும் பெட்டிகளைப் பல புதிய ஆட்டங்கள் விற்கின்றன. 2018-இல் பெல்ஜியம் நாட்டுச் சூதாட்டக் கட்டுப்பாட்டு ஆணையம், சில ஆட்டங்களில் இருந்த இத்தகைய பெட்டிகள் சூதாட்டச் சட்டத்திற்கு மாறானவை என்று முடிவு செய்தது. பழைய இயந்திரம் ஒரு காசுக்கு ஒரு முயற்சி தந்தது. திறமை வளர்ந்தால் காசு மிச்சமாயிற்று. இந்தப் பெட்டியில் திறமைக்கு வேலையே இல்லை. மாணவர்கள் இந்த வேறுபாட்டைக் கருதிப் பார்க்கவேண்டும்.

புதியதை விரும்புவோர் பக்கத்திலும் ஒரு நல்ல செய்தி உண்டு. 2018-இல் வந்த 'செலஸ்ட்' பழைய பாணியில் அமைந்த கடினமான ஆட்டம். ஆனால் வேண்டுவோர் அதன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம். வீழாத வரமும் பெறலாம். கை நடுக்கம் உள்ளவரும் அதில் சிகரம் ஏறலாம். இதனால் ஆட்டத்தின் மதிப்புக் குறைகிறது என்போர் இருக்கிறார்கள். அவர்கள் வாதம் எனக்கு விளங்கவில்லை. வரம் வேண்டாதவர் பெறாமல் இருக்கலாமே.

இனி, சுவைக்கு ஏற்ப ஆட்டத்தைத் தேர்ந்துகொள்ள நமக்கு வாய்ப்பு இருக்கிறதா என்பது வேறு கேள்வி. அமெரிக்காவில் உள்ள வீடியோ விளையாட்டு வரலாற்று அறக்கட்டளை 2023-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அந்நாட்டில் 2010-க்கு முன் வெளிவந்த ஆட்டங்களில் நூற்றுக்கு 87 இன்று கடைகளில் கிடைப்பதில்லை. அவற்றை நூலகங்களிலிருந்து தொலைவில் உள்ளவர்களுக்கும் ஆய்வுக்காகத் திறந்துவிட அனுமதி கேட்டார்கள்; 2024 அக்டோபரில் அந்நாட்டுப் பதிப்புரிமை அலுவலகம் அதை மறுத்துவிட்டது. புதியவற்றின் நிலையும் இதனினும் மேலானது என்று சொல்வதற்கில்லை. 1985-இன் மாரியோ கேசட்டைக் கருவியில் செருகினால் இன்றும் ஓடுகிறது. யூபிசாஃப்ட் நிறுவனம் 2014-இல் விற்ற 'தி க்ரூ' என்னும் கார் ஆட்டமோ, நிறுவனத்தின் கணினியோடு இணைந்தால் மட்டுமே ஓடும். 2024 மார்ச் 31 அன்று அந்தக் கணினிகளை நிறுத்தினார்கள். பணம் கொடுத்து வாங்கியவர்களின் கையில் தகடு இருக்கிறது, ஆட்டம் இல்லை.