ரோலர் ஓட்டியும் தரை வெடிக்குதா? மண்ணைக் கட்டிப்பிடிக்கும் பிளாஸ்டிக் நார்!

ஸ்ரீபெரும்புதூர்,

வல்லம் வடகாலில் சிப்காட் வந்தபிறகு சுற்று வட்டாரத்தில் பல வயல்கள் மனையாகி விட்டன. பெண் தொழிலாளர்கள் 18,720 பேர் தங்கும் குடியிருப்பே இங்கு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது.

பள்ளமான மனையில் லோடு லோடாக மண் அடித்து, ரோலர் ஓட்டி, கடன் வாங்கி வீடு கட்டுகிறோம். களிமண்ணாக இருந்தால் கோடையில் தரை வெடிக்கிறது. ஐப்பசி மழையில் உப்பி டைல்சைத் தூக்குகிறது. ரோலர் ஓட்டியும் ஏன் இப்படி?

ரோலரும் சரி, திமிசும் சரி, மண்ணுக்குள் இருக்கும் காற்றை வெளியேற்றி நெருக்கும். அவ்வளவுதான். நெருக்கிய மண் பாரத்தைத் தாங்கும். ஆனால் இழுத்தால் தாங்காது. களிமண் காயும்போது சுருங்கி தன்னைத்தானே இழுக்கிறது. அங்கேதான் விரிசல் விழுகிறது.

வைக்கோல் ரகசியம்

அந்தக் காலத்தில் மண்சுவருக்கு வைக்கோல் போட்டு மிதித்தது இதற்காகத்தான். இப்போது அதே வேலையை பாலிப்ரொப்பிலீன், பாலியஸ்டர் நார்கள் செய்கின்றன. கொத்தனார்கள் சிமெண்ட் பூச்சில் கலக்கும் அதே ரக நார்தான். முடி போல மெல்லிசு, சுமார் 12 மில்லி மீட்டர் நீளம்.

மண் பிளக்கப் பார்த்தால் நார் இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்கிறது. அதனால் மண் பட்டென்று உடையாது. வைக்கோல் மாதிரி சீக்கிரம் மக்காது.

எவ்வளவு போடணும்?

காய்ந்த மண் 100 கிலோவுக்கு கால் கிலோ முதல் அரை கிலோ போதும். அதிகமானால் பந்து பந்தாகச் சுருண்டு, அந்த இடமே பலவீனமாகி விடும். நாரை உதறித் தூவி, மண்ணோடு நன்றாகப் புரட்டி, அளவாகத் தண்ணீர் தெளித்து, அரை அடி கனமாகப் பரப்பி இறுக்க வேண்டும். சேறாக்கினாலும் வீண், புழுதியாக விட்டாலும் வீண். நன்றாக உப்புகிற களிமண் என்றால் நார் மட்டும் போதாது, சுண்ணாம்பும் சேர்க்க வேண்டும்.

ஏமாறாதீங்க!

அரிசிச் சாக்கை வெட்டிப் போடுவது இதற்கு ஈடாகாது. சாலை அடித்தளம், கரைச் சரிவு போன்ற வேலைக்குத்தான் இந்த நார் அதிகம் பொருந்தும். "நார் போட்டாச்சு, அஸ்திவார ஆழத்தைக் குறைச்சுக்கலாம்" என்று யாராவது சொன்னால் நம்பவே நம்பாதீர்கள்.

முதல் லோடு மண் இறங்கும் முன்பே மண் பரிசோதனை செய்துவிடுங்கள். வீடு கட்டிய பிறகு விரிசலுக்குச் செலவழிப்பதை விட அது எவ்வளவோ மேல்.