முதல் இயற்பியல் நூல் எது?

பத்தாம் வகுப்புக்குள் ‘இயற்பியல் எனக்கு வராது’ என்று முடிவு கட்டிவிடும் மாணவர், மேல்நிலையில் அறிவியல் பிரிவின் பக்கமே வருவதில்லை. அயோத்தியாப்பட்டணத்தில் இதை நான் ஆண்டுதோறும் பார்க்கிறேன். பாடநூலோடு பொருத்தமான வேறொரு நூலும் உரிய நேரத்தில் கைக்குக் கிடைத்தால் அந்த முடிவு மாறும். எப்படித் தேர்ந்தெடுப்பது?

நம் துறையின் வாசிப்பு இயக்கம் நூல்களை நுழை, நட, ஓடு, பற என நான்கு நிலைகளாகப் பிரித்திருக்கிறது. இயற்பியல் நூல்களையும் இப்படி அடுக்கிப் பார்க்கலாம்.

நுழை: படமும் எளிய சோதனையும் உள்ளவை. 1987இல் தொடங்கப்பட்ட ‘துளிர்’ இதழின் பழைய பிரதிகளே இதற்குப் போதும்.

நட: யா. பெரெல்மான் 1913இல் எழுதிய நூல், தமிழில் ‘பொழுதுபோக்கு பௌதிகம்’. சூத்திரங்களை மனப்பாடம் செய்யச் சொல்லாமல், அன்றாட நிகழ்வுகளைக் கொண்டு கேள்வி எழுப்பும்.

ஓடு: பால் ஹெவிட்டின் ‘கான்செப்சுவல் பிசிக்ஸ்’. கணக்கைவிடக் கருத்துக்கு முதலிடம் தருவது. ஆங்கிலம் வாசிப்பவர்களுக்கு ஏற்றது.

பற: எச்.சி. வர்மாவின் ‘கான்செப்ட்ஸ் ஆஃப் பிசிக்ஸ்’. மேல்நிலை மாணவர்க்கு நல்ல நூல். ஒன்பதாம் வகுப்பு மாணவரிடம் கொடுத்தால் மிரண்டுவிடுவார். ஃபெயின்மன் விரிவுரைகளும் கல்லூரி மாணவர்களுக்காக நிகழ்த்தப்பட்டவையே. புகழை வைத்து நூலின் நிலையை முடிவு செய்ய வேண்டாம்.

எந்த நூலானாலும் நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து மூன்றைப் பாருங்கள். சூத்திரத்துக்கு முன் தெரிந்த பொருள் ஒன்று வருகிறதா? அதை வகுப்பில் செய்துபார்க்க முடியுமா? கலைச்சொற்கள் பாடநூலோடு ஒத்துப்போகின்றனவா?

சான்றாக, சத்துணவுக் கூடத்திலிருந்து வேகவைத்த முட்டை ஒன்றும் வேகாத முட்டை ஒன்றும் வாங்கி மேசைமேல் சுழற்றுங்கள். வெந்தது சீராகச் சுழலும், வேகாதது தள்ளாடும். சுழலும்போது விரலால் ஒரு நொடி தொட்டு நிறுத்திவிட்டு விடுங்கள். வெந்தது நின்றுவிடும். வேகாதது மீண்டும் மெல்லச் சுழலும். ஓடு நின்றாலும் உள்ளிருக்கும் திரவம் சுழன்றுகொண்டிருப்பதே காரணம். இதைக் கண்ட பிறகு ‘நிலைமம்’ என்ற சொல்லுக்குப் பொருள் வந்துவிடுகிறது. இப்படிச் செய்துபார்க்க இடம் தரும் நூலே தொடக்க நூல்.

பழைய மொழிபெயர்ப்புகளில் ‘பௌதிகம்’ போன்ற சொற்கள் தடையாகலாம். இன்றைய பாடநூல் சொற்களை ஒரு தாளில் எழுதி நூலின் முன்பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். முழு நூலையும் வாசிக்கச் சொல்லாமல், நடத்தும் பாடத்தோடு தொடர்புடைய இரண்டு பக்கங்களை மட்டும் குறித்துக் கொடுங்கள். மூன்றாவது பக்கத்தை மாணவரே திருப்புவார்.