பக்கங்களின் ஆடம்பரமும் மடிக்கணினியின் உஷ்ணமும்

விண்டோஸ் 10-க்கு அளிக்கப்பட்டு வந்த ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிவுற்றதும், மலிவு விலையில் பழையதாக வாங்கிய மடிக்கணினியை எறிந்துவிட மனமில்லாமல் அதில் லினக்ஸை ஏற்றிக்கொள்வது, ஜொகூர் பாருவில் சிக்கனம் அறிந்த குடும்பங்களுக்கு உகந்த உபாயமே. ஆனால் ஏற்றிய சில தினங்களுக்குள் ஒரு குறை கிளம்புகிறது. உலாவியில் நாலைந்து பக்கங்களைத் திறந்தால் போதும். விசிறி இரைகிறது, அடிப்பாகம் மடியில் வைக்க இயலாதபடி சுடுகிறது, கிராஃபிக்ஸ் கார்டின் உபயோகம் எண்பது தொண்ணூறு சதவீதத்தில் நிற்கிறது. உடனே லினக்ஸ்மீது பழி விழுகிறது. என் அபிப்பிராயத்தில் அந்தப் பழியில் பெரும்பங்கு வேறிடத்தைச் சேர வேண்டியது.

லினக்ஸுக்கு இதில் பங்கே இல்லை என்று சொல்லவில்லை. வீடியோவை விரிக்கும் வேலையைச் சில்லிலுள்ள தனிப் பகுதியிடம் ஒப்படைக்கும் வசதி, லினக்ஸில் ஓடும் பயர்பாக்ஸில் 2023 ஜூலையில் வந்த 115-ஆம் பதிப்பில்தான், அதுவும் ஒருவகைச் சில்லுகளுக்கு மட்டும், தானாகவே இயங்கத் தொடங்கியது. தவிரவும், காணொளித் தளங்கள் இப்போது விரும்பி அனுப்பும் ஏவி-1 வடிவத்தை, இன்டெல்லின் கோர் வரிசையில் 11-ஆம் தலைமுறைக்கு முந்திய சில்லுகள் அப்பகுதியைக் கொண்டு விரிக்க அறியாமையால், பாரமெல்லாம் புராசசர் தலையில் விழுகிறது, பழைய எச்.264 வடிவத்தையே கேட்டு வாங்கும் நீட்சி ஒன்றைச் சேர்த்துக்கொண்டால் பாதித் தொல்லை தீரும். முகவரிப் பட்டையில் 'அபவுட்:சப்போர்ட்' என்று தட்டி, 'காம்போசிட்டிங்' என்ற வரிக்கு எதிரே 'வெப்ரெண்டர்' என்பதோடு 'சாஃப்ட்வேர்' என்ற சொல்லும் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பதும் நல்லது. ஒட்டியிருந்தால் கார்டு சும்மா கிடக்க, புராசசரே படம் வரைகிறதென்று அர்த்தம். டிரைவரைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

இவை ஒரு மாலைப்பொழுதில் தீரக்கூடிய காரியங்கள். தீராத வியாதி பக்கங்களைப் பிடித்திருக்கும் அலங்கார மோகம். கார்டின் உபயோகத்தைக் கோடாக வரைந்து காட்டும் 'என்விடாப்' கருவியை ஓரத்தில் ஓடவிட்டு ஒரு செய்திப் பக்கத்தைப் பார்வையிடுங்கள்: எழுத்து மட்டுமுள்ள பகுதியில் படிந்து கிடக்கும் கோடு, சுழலும் விளம்பரமொன்று கண்ணில் பட்ட கணமே எழும்பி, அது மறையும்வரை இறங்காமல் நிற்கும். வாசகர் விரலை அசைக்காவிட்டாலும், அந்தச் சிறு சுழற்சி விநாடிக்கு 60 தரம் தன்னைப் புதிதாய் வரையும்படி கேட்கிறது. அதன்மேல் பனி படர்ந்த கண்ணாடிபோல் ஒரு மங்கல் பட்டையையும் விரித்துவிட்டால், பட்டையின் ஒவ்வொரு புள்ளிக்கும் சுற்றியுள்ள பல புள்ளிகளைக் கலந்து கணக்கிட வேண்டி வருகிறது. 1920-க்கு 1080 என்ற சாதாரணத் திரையிலேயே புள்ளிகள் 20 லட்சத்துக்கு மேல். முழுத்திரையும் அசைந்தால் விநாடிக்கு 12 கோடிக்கு மேல் தீட்டியாக வேண்டும். கோழி விலை ஏறிற்றா இல்லையா என்று தெரிந்துகொள்ள இத்தனை பிரயாசை எதற்கு?

சிங்கப்பூர் 2019 முதல் 2022 வரை புதிய தரவு மையங்களை நிறுத்தி வைத்ததன் பயனாகவும் இக்கரையில் பெருகி, கூலாயிலும் செடெனாக்கிலும் எழுந்து நிற்கும் மையங்கள், கார்டுகளை ஓட்ட எவ்வளவு மின்சாரமும் குளிர்விக்க எவ்வளவு நீரும் கொள்கின்றன என்று நம்மவர் கேட்கிறார்கள், கேட்க வேண்டியதுதான். வீட்டு மேசையில் விளம்பரத்துக்காக வேகும் கார்டைப் பற்றிக் கேட்பாரில்லை. வருஷம் முழுவதும் புழுக்கம் நீங்காத இம்மாநிலத்தில், அந்தச் சூட்டை ஏர்கோன் வெளியே தள்ளுவதற்கும் சேர்த்தே நாம் பில் கட்டுகிறோம்.

கார்டு இருப்பதே உழைக்கத்தானே, சதவீதத்தைக் கண்டு மிரளுவானேன் என்பாரும் உண்டு. குறைந்த வேகத்தில் ஓடும் கார்டு எண்பது காட்டினாலும் அதிகம் இழுக்காது என்பது மெய்யே. ஆனால் மடி சுடும்போது ஏதாவது செய்தாக வேண்டும். அதற்காக, வரையும் வேலையைக் கார்டிடம் விடும் ஹார்டுவேர் ஆக்சலரேஷனை அணைத்துவிடும்படி சிலர் சொல்லும் வைத்தியம் வேண்டாம். பெரும்பாலும் சுமை புராசசருக்கு மாறுமேயன்றிச் சூடு தணியாது. அதைவிட, லினக்ஸின் அணுகல் அமைப்புகளில் அசைவூட்டங்களைக் குறைத்து வைத்தால், உலாவி அந்த விருப்பத்தைப் பக்கங்களுக்குத் தெரிவிக்கிறது. மரியாதை அறிந்த பக்கங்கள் அடங்குகின்றன. அடங்காதவற்றுக்குப் பயர்பாக்ஸில் கன்ட்ரோல்-ஆல்ட்-ஆர் தட்டினால் வாசிப்புத் தோற்றம் வந்து, எழுத்து மட்டும் நிற்கும். அதற்கும் இடங்கொடாத தமிழ்ச் செய்தித் தளங்கள் சில உண்டு. அவற்றை வெயில் ஏறுமுன் திறந்து மூடிவிடுவது என் வழக்கம்.