இந்தியப் படையின் 7.62 மி.மீ. போர்த் துப்பாக்கி: ஒரு படைக்கலத்தின் பணி வரலாறு

முன்னுரை

அதியமானின் தூதாகச் சென்ற ஔவையார், நெய் பூசப்பெற்றுக் காவல்மனையில் இருந்த தொண்டைமானின் படைக்கலங்களையும், நுனி முரிந்து கொல்லனின் கொட்டிலில் கிடந்த அதியமானின் வேல்களையும் ஒப்பிட்டுக் காட்டியதைப் புறநானூற்றின் 95ஆம் பாடல் வழி அறிவோம். படைக்கலத்தின் தோற்றத்தைவிட அது ஆற்றிய பணியே நம்பத்தக்க சான்று என்னும் கருத்து அதில் அடங்கியுள்ளது. விடுதலைக்குப் பிந்திய இந்தியாவின் தற்சார்புக் கொள்கையைக் கற்பிக்கும்பொழுது அணைகளையும் எஃகு ஆலைகளையும் பற்றி விரிவாகப் பேசுகிறோம். படைக்கல ஆலைகளைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. அக்குறையை ஓரளவு நிரப்பும் வகையில், ‘இஷாப்பூர் 1ஏ1’ எனப்படும் துப்பாக்கியின் தோற்றத்தையும் பணியையும் இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

சொல்லும் பொருளும்

‘துப்பாக்கி’ என்பது துருக்கிய மூலம் கொண்ட சொல். தமிழில் இவ்வொரு சொல்லே பலவகைச் சுடுகருவிகளையும் குறித்து நிற்கிறது. ஆயினும் நமது பொருளுக்கு ஒரு வேறுபாடு இன்றியமையாதது. நெடுந்தொலைவு செல்லும் முழு ஆற்றல் தோட்டாவைப் பயன்படுத்தும் தானியங்கு அல்லது அரைத் தானியங்கு வகையைப் ‘போர்த் துப்பாக்கி’ என்றும், அதனினும் ஆற்றல் குறைந்த இடைநிலைத் தோட்டாவைப் பயன்படுத்தித் தொடர்ச்சியாகச் சுடவல்ல வகையைத் ‘தாக்குதல் துப்பாக்கி’ என்றும் இங்கு வழங்குவோம். முன்னது தொலைவையும் தாக்கும் வலிமையையும் முதன்மையாகக் கொண்டது. பின்னது எடைக்குறைவையும் அண்மைப் போரில் விரைவையும் முதன்மையாகக் கொண்டது. இந்தியக் காலாட்படையின் துப்பாக்கி வரலாறு பெரும்பாலும் இவ்விரண்டிற்கும் இடையே நிகழ்ந்த ஊசலாட்டமே எனலாம்.

தோற்றம்

இஷாப்பூர் 1ஏ1இன் மூலவடிவம் பெல்ஜியத்தின் எஃப்.என். நிறுவனம் உருவாக்கிய ‘ஃபால்’ என்னும் துப்பாக்கியாகும். இரண்டாம் உலகப்போரின் முடிவில் தியூதோனே சேவ் என்பார் இதனை இடைநிலைத் தோட்டாவிற்காகவே வடிவமைக்கத் தொடங்கினார். எனினும் அமெரிக்காவின் வற்புறுத்தலால் நேட்டோ நாடுகள் 1950களின் நடுப்பகுதியில் 7.62 மி.மீ. முழு ஆற்றல் தோட்டாவைப் பொதுத் தோட்டாவாக ஏற்றன. துப்பாக்கியும் அதற்கேற்ப மாற்றப்பட்டது. தோட்டா வெடிக்கும்பொழுது எழும் வளிமத்தின் ஒரு பகுதி உந்துதண்டைப் பின்தள்ள, வெற்றுறை வெளியேறி அடுத்த தோட்டா தானே குழலில் ஏறும். 20 தோட்டாக்கள் கொண்ட இத்துப்பாக்கி நான்கு கிலோவிற்கு மேல் எடையும் ஒரு மீட்டருக்கு மேல் நீளமும் உடையது. தொடர்ச்சியாகச் சுட்டால் பின்னுதைப்பு மிகுந்து குறி தவறும் என்பதால், பிரிட்டன் தன் வடிவத்தை ஒருமுறை விசையழுத்தினால் ஒரு குண்டு மட்டுமே பாயுமாறு அமைத்துக்கொண்டது. அவ்வடிவம் மலேசியா, சிங்கப்பூர் ஆகிய நாடுகளின் படைகளிலும் சிலகாலம் இடம்பெற்றிருந்தது.

1962ஆம் ஆண்டுப் போரும் இஷாப்பூரும்

1962 அக்டோபர் 20ஆம் நாள் தொடங்கிய இந்திய–சீனப் போரில், இந்திய வீரர் பெரும்பாலோர் ஒவ்வொரு முறை சுட்ட பின்னும் கையால் இழுத்துத் தள்ளி இயக்கவேண்டிய .303 லீ-என்ஃபீல்டு துப்பாக்கிகளையே ஏந்தியிருந்தனர். எதிர்த்தரப்பினரிடம் தானே தோட்டா ஏறும் துப்பாக்கிகள் இருந்தன. இவ்வேறுபாட்டையே தோல்விக்குக் காரணமாகக் கூறும் வழக்கம் உண்டு. அது முழுமையான விளக்கமாகாது. சாலை வசதியின்மை, குளிருக்கேற்ற உடையின்மை, தலைமையின் தவறான மதிப்பீடு ஆகியவற்றைப் புதிய துப்பாக்கி மட்டும் ஈடுசெய்திருக்க இயலாது. ஆயினும் மாற்றத்தின் தேவையை அனைவரும் உணருமாறு செய்தது அப்போரே.

வங்காளத்தின் இஷாப்பூர் ஆலை 1904இல் துப்பாக்கி ஆலையாக நிறுவப்பட்ட பழமையுடையது. 1950களின் இறுதியிலேயே ஃபால் வகை ஆராயப்பட்டிருந்தது. இந்தியப் பொறியாளர்கள் அதன் பல வடிவங்களையும் பிரித்து ஆராய்ந்து, பெல்ஜிய அளவும் பிரிட்டிஷ் அமைப்பும் கலந்த தனி வடிவம் ஒன்றை உருவாக்கினர். 1963இல் அது ஏற்கப்பட்டது. உரிமம் பெறாமல் செய்யப்பட்டதாக எஃப்.என். நிறுவனம் எழுப்பிய பிணக்கு, இந்தியா அந்நிறுவனத்திடமிருந்து துப்பாக்கிகளை வாங்க இசைந்ததன் வழித் தீர்ந்தது. புதியது போதிய அளவில் கிடைக்கும்வரை, பழைய லீ-என்ஃபீல்டையே 7.62 மி.மீ. தோட்டாவிற்கேற்ப வலுப்படுத்திய ‘2ஏ1’ என்னும் வடிவமும் அவ்வாலையில் உருவாயிற்று. தற்சார்பு என்பது வெறுமையிலிருந்து படைப்பதன்று. பிறர் கலையைக் கற்று, அதற்குரிய விலையையும் கொடுத்து, தம் கைக்கு ஏற்பத் திருத்திக்கொள்வதும் அதில் அடங்கும் என்பதற்கு இஃது ஒரு சான்றாகும்.

பணியும் பின்வாங்கலும்

1971ஆம் ஆண்டுப் போரில் 1ஏ1 இந்தியக் காலாட்படையின் முதன்மைத் துப்பாக்கியாக விளங்கியது. வெட்டவெளியிலும் மலைமுகட்டிலும் அதன் தொலைவீச்சு பயன்பட்டது. 1987 அக்டோபரில் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய போரில் நிலைமை மாறிற்று. பனந்தோப்புகளிலும் குறுகிய தெருக்களிலும் சில மீட்டர் தொலைவில் நிகழ்ந்த மோதல்களில், ஏ.கே. வகைத் துப்பாக்கி ஏந்திய விடுதலைப் புலிகளுக்கு எதிரே நீண்டதும் கனத்ததுமான 1ஏ1 பின்தங்கியது. 1990 மார்ச்சில் அமைதிப்படை திரும்பும்வரை வீரர்களும் போராளிகளும் மட்டுமன்றி, ஆயுதம் ஏந்தாத தமிழ் மக்கள் பலரும் உயிரிழந்தனர். ஒரு துப்பாக்கியின் நிறைகுறையை மதிப்பிடும் எந்த ஆய்வும் இவ்வுயிரிழப்பைக் கணக்கிற்கு வெளியே நிறுத்தலாகாது.

அப்பட்டறிவு மாற்றத்தை விரைவுபடுத்தியது. 1990களில் 5.56 மி.மீ. ‘இன்சாஸ்’ துப்பாக்கி படையில் புகுந்தது. இஷாப்பூருடன் திருச்சிராப்பள்ளி ஆலையும் அதனைச் செய்தது. 1ஏ1 காவல் துறைகளுக்கும் துணைப்படைகளுக்கும் சென்றது. 1999ஆம் ஆண்டுக் கார்கில் போரின் கடுங்குளிரில் இன்சாஸின் குறைகள் வெளிப்பட்டன. 2019இல் இந்தியா 72,400 சிக்-716 துப்பாக்கிகளை அமெரிக்காவிலிருந்து வாங்க ஒப்பந்தம் செய்தது. அவை 1ஏ1 பயன்படுத்திய அதே 7.62 மி.மீ. முழு ஆற்றல் தோட்டாவைப் பயன்படுத்துபவை. 2021 டிசம்பரில் ஏ.கே.-203 என்னும் தாக்குதல் துப்பாக்கியை உத்தரப் பிரதேசத்தின் கோர்வாவில் ரஷ்யக் கூட்டுறவோடு செய்யும் ஒப்பந்தமும் கையெழுத்தாயிற்று. கைவிடப்பட்டதாகக் கருதிய போர்த் துப்பாக்கியும் அதனை வென்றதாகக் கருதிய தாக்குதல் துப்பாக்கியும் இன்று ஒரே படையில் அருகருகே நிற்கின்றன.

முடிவுரை

மேற்கண்டவற்றால் இரு கருத்துகள் புலனாகின்றன. முதலாவது, துப்பாக்கியின் சிறப்பு அதன் பொறியமைப்பில் மட்டும் இல்லை. நிலமும் தொலைவும் எதிரியும் அதனை முடிவு செய்கின்றன. இரண்டாவது, வெற்றி தோல்விகளைக் கருவியின் மீது ஏற்றுவது எளிது. கருவியைத் தேர்ந்தவர், படையை அனுப்பியவர் ஆகியோரின் பொறுப்பை அது மறைத்துவிடும். வகுப்பறையில் இந்தியாவின் அண்மைக்கால வரலாற்றைக் கற்பிக்கும் நாம், மாணவர்களை ‘எந்தத் துப்பாக்கி சிறந்தது?’ என்னும் வினாவிலிருந்து ‘யார், எதற்காக, எந்த நிலத்திற்கு இதனை அனுப்பினர்?’ என்னும் வினாவிற்கு இட்டுச்செல்லுதல் வேண்டும்.