மஞ்சள் இலை சொல்லும் செய்தி

இல்லத்தின் சாளரத்தருகே தொட்டிச் செடியொன்று தளிர்த்து நிற்பது, கண்ணுக்கு மட்டுமன்றி உள்ளத்துக்கும் இனிமை தருவதாகும். அதன் இலை மஞ்சளானால் நாம் செய்வதென்ன? "உரம் போதவில்லை" என்று ஒரு பிடி உரத்தை அள்ளி இட்டுவிடுகிறோம். பசியால் வாடியதைவிட, இந்த அவசர அன்பினால் வேர் கருகி மடிந்த செடிகளே பல.

முதற்கண் தொட்டி மண்ணை விரலால் தொட்டுப் பார்ப்போம். எந்நேரமும் ஈரம் சொதசொதத்திருப்பின், குறை உரத்திலன்று, நாம் ஊற்றும் நீரின் மிகுதியிலேயே உள்ளது. நீர் சரியாயிருந்தால், மஞ்சளானது எந்த இலை என்று நோக்குவோம்.

அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் முழுதும் வெளுத்தால் தழைச்சத்துக் குறைவு. அவற்றின் ஓரம் தீய்ந்தால் சாம்பல் சத்துக் குறைவு. நரம்பு பசுமையாயிருக்க இடைப்பகுதி வெளுத்தால் மக்னீசியக் குறைவு. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் பிள்ளைக்கு ஊட்டும் தாயைப் போல, முதிர்ந்த இலை இச்சத்துக்களைத் தளிருக்கு ஈந்துவிடுகின்றது. இரும்புச் சத்தோ அவ்வாறு எளிதில் இடம் பெயர்வதில்லை. ஆகவே அது குறையுமிடத்துத் தளிரே முதலில் மஞ்சளாகும்; நரம்புகள் மட்டும் பச்சை வலைபோல் தெரியும்.

நம் பெரம்பலூர், அரியலூர்ப் பகுதியில் இக்குறையைச் சிறப்பாகக் கருத வேண்டும். ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் பரந்திருந்த நிலம் இது. அக்கடல் விட்டுச் சென்ற சுண்ணாம்புக்கல்லே இன்று சிமெண்டாகின்றது. பல ஊர்களின் மண்ணிலும் கிணற்று நீரிலும் சுண்ணாம்பு கலந்துள்ளது. தொட்டி விளிம்பில் படியும் வெண்பூச்சே அதற்குச் சான்று. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்பு இருந்தும் கரைவதில்லை, வேருக்கு எட்டுவதில்லை. இட்லிப்பூச் செடியும் செம்பருத்தியும் இதனால் விரைவில் வாடும். எவ்வளவு எரு இட்டாலும் இக்குறை எளிதில் தீராது.

1840-களில் பிரான்சு நாட்டு அறிஞர் யூசேப் கிரி என்பார், இரும்பு உப்புக் கரைசலை இலைமேல் இட்டு இந்நோய் தணிவதைக் காட்டினார். அன்னபேதி என நாம் அறிந்த இரும்பு சல்பேட்டை ஒரு லிட்டர் நீருக்கு 5 கிராம் கரைத்து, எலுமிச்சை உப்பு 1 கிராம் சேர்த்து, மாலையில் தளிர்மேல் தெளிக்கலாம். இரு வாரம் கழித்து மறுமுறை தெளிக்கலாம். கரைசல் தரையிற் கறைபடுத்தும். குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைத்தல் வேண்டும். மழைநீரைச் சேமித்து ஊற்றுவதும், தொட்டிக்குச் செம்மண்ணும் மக்கிய எருவும் இடுவதும் நிலையான பயன் தரும்.

லூக்கா நற்செய்தியில், காய்க்காத அத்திமரத்தை வெட்டச் சொன்ன தலைவனிடம் தோட்டக்காரர் இன்னும் ஓராண்டு தவணை கேட்கிறார். நம் இல்லத்திலும், எவ்வளவு ஊட்டியும் தேறாத பிள்ளை இருக்கக் கூடும். கடிந்துகொள்ளுமுன், கொடுத்தது அவனுக்கு எட்டியதா என்று அருகமர்ந்து பார்ப்போம்.