காட்டும் முன் கேளுங்கள்: இது யாருடைய தகவல்?

ஹைதராபாத்தின் மெட்டுகுடா மெட்ரோ நிலையத்தில் ஏறினால் ஏழாவது நிறுத்தம் அமீர்பேட். 2017 நவம்பரில் இந்தத் தடம் திறந்தபின், ரயில்வே குடியிருப்புகளிலிருந்தும் லாலாகுடா, சீதாபல்மண்டி தெருக்களிலிருந்தும் கணினி படிக்கக் கிளம்பும் பிள்ளைகளுக்குப் பயணம் எளிதாகிவிட்டது. அமீர்பேட் மைத்ரிவனம் பக்கம் மாடிக்கு மாடி பயிற்சி மையங்கள். ஜாவா, டாட் நெட், பைத்தான் என்று எதைப் படித்தாலும் சில வாரங்களில் எல்லோரும் ஒரே பாடத்துக்கு வந்து சேர்கிறார்கள்: ஒரு டேட்டாபேஸை உருவாக்க வேண்டும், அதில் உள்ளதைத் திரையில் காட்ட வேண்டும்.

பாடம் முடிவதற்குள்ளேயே தெரிந்தவர்கள் தேடி வருவார்கள். அடுக்குமாடிச் சங்கத்துக்குப் பராமரிப்புக் கணக்கு, டியூஷன் சென்டருக்குக் கட்டணப் பட்டியல், கோயிலுக்கு நன்கொடையாளர் பதிவேடு. "தம்பி, சின்ன வேலைதான், நீயே செஞ்சு கொடுத்துடேன்" என்பார்கள். அந்த நிமிடமே அது வீட்டுப்பாடம் என்ற நிலையைத் தாண்டிவிடுகிறது. டேபிளில் உள்ள ஒவ்வொரு வரியும் இனி நிஜமான ஒரு மனிதர். தொடக்க நிலையில் எல்லோரும் செய்யும் பிழைகள் அந்த மனிதருக்கு என்ன செய்யும், சட்டம் அவருக்கு என்ன தருகிறது, எழுதுபவர் எப்படித் திருத்திக்கொள்ளலாம் என்பதைப் படிப்பவரும் பொதுமக்களும் சேர்ந்தே தெரிந்துகொள்ள வேண்டும்.

சின்னப் பிழை, பெரிய கசிவு

2017 ஏப்ரலில் ஜார்க்கண்ட் சமூகப் பாதுகாப்பு இயக்குநரகத்தின் இணையதளத்தில், முதியோர் ஓய்வூதியம் பெறும் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பெயர், முகவரி, ஆதார் எண், வங்கிக் கணக்கு விவரங்கள் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி கிடந்தன. யாரும் பூட்டை உடைக்கவில்லை. தளத்தின் நிரலில் இருந்த பிழையே காரணம் என்று செய்தி வந்தது.

அடுத்த மாதமே, பெங்களூரில் இயங்கும் சென்டர் ஃபார் இன்டர்நெட் அண்ட் சொசைட்டி நான்கு அரசுத் தளங்களை ஆராய்ந்து, அவற்றின் வழியே 13 கோடிக்கும் மேற்பட்ட ஆதார் எண்கள் வெளியே தெரிந்திருக்கலாம் என்று மதிப்பிட்டது. அந்த நான்கில் இரண்டு ஆந்திர அரசின் தளங்கள். அதே ஆண்டு நவம்பரில், தகவல் உரிமைச் சட்டப்படி கேட்ட கேள்விக்கு ஆதார் ஆணையம் தந்த பதிலில், சுமார் 210 அரசு இணையதளங்கள் பயனாளிகளின் ஆதார் எண்ணை வெளிப்படையாகக் காட்டியதாகத் தெரிவித்தது.

ஹைதராபாத்தும் தப்பவில்லை. மக்கள் புகார் அளிக்கவும் அவசர உதவி கோரவும் பயன்படுத்திய தெலங்கானா காவல்துறையின் ஹாக் ஐ செயலியின் தரவு 2024இல் கசிந்தது. ஜூன் மாதம் தெலங்கானா சைபர் பாதுகாப்பு அமைப்பு 20 வயது மாணவர் ஒருவரைக் கைது செய்தது. காவல்துறையின் செயலிக்கே இந்த நிலை என்றால், நம் தெருச் சங்கத்தின் பதிவேட்டைப் பற்றிக் கவலைப்படாமல் இருக்க முடியாது.

சட்டம் தரும் உரிமை

2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. ஆதார் சட்டத்தின் 29ஆம் பிரிவு, ஒருவரின் ஆதார் எண்ணைப் பொதுவெளியில் வெளியிடுவதையும் காட்டுவதையும் தடுக்கிறது.

2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இன்னும் விரிவானது. உங்களைப் பற்றி என்ன தகவல் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டுப் பெறலாம். தவறாக இருந்தால் திருத்தச் சொல்லலாம். தேவை முடிந்துவிட்டால் அழிக்கச் சொல்லலாம். கசிவு நேர்ந்தால் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும், தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் தெரிவிக்க வேண்டும். தகுந்த பாதுகாப்பு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். 18 வயதுக்குக் கீழுள்ளவர்களின் தகவலைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். டியூஷன் சென்டர்களுக்கு எழுதிக் கொடுப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. இந்த உரிமைகளும் முக்கியக் கடமைகளும் 18 மாதங்கள் கழித்து, அதாவது 2027 மே மாதவாக்கில் நடைமுறைக்கு வரும்படி காலம் தரப்பட்டிருக்கிறது. இப்போது எழுதப்படும் நிரல்கள் அந்தச் சட்டத்தின் கீழ்தான் ஓடப்போகின்றன.

பிழைகளும் திருத்தங்களும்

முதல் பிழை, எல்லாவற்றையும் எடுப்பது. பாடத்தில் முதலில் சொல்லித்தருவது 'செலக்ட் ஸ்டார்', அதாவது டேபிளில் உள்ள அத்தனை பத்திகளையும் கொண்டுவா என்பது. கற்கும்போது அது வசதி. நிஜப் பதிவேட்டில், பெயரும் வீட்டு எண்ணும் மட்டும் வேண்டிய பக்கத்துக்கு ஆதார் எண்ணும் கைபேசி எண்ணும் சேர்ந்தே வந்துவிடும். திரையில் அந்தப் பத்தியை மறைத்துவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. போதாது. சர்வரிலிருந்து பிரவுசருக்கு வந்துவிட்ட எதையும், பக்கத்தின் மூலநிரலைத் திறந்து பார்க்கத் தெரிந்தவர் எடுத்துவிடுவார். தேவையான பத்திகளின் பெயரை மட்டும் குவெரியில், அதாவது டேட்டாபேஸுக்கு அனுப்பும் கட்டளையில், எழுதுங்கள். அடையாளத்துக்கு ஆதார் காட்டியே ஆக வேண்டுமென்றால் முதல் எட்டு இலக்கங்களை மறைத்து, கடைசி நான்கை மட்டும் சர்வரே அனுப்பட்டும். அதைவிட நல்லது, தேவையில்லாத இடத்தில் ஆதாரை வாங்காமலே இருப்பது.

இரண்டாவது, பயனர் தட்டியதை அப்படியே குவெரியில் ஒட்டுவது. லாலாகுடா, மெட்டுகுடா ரயில்வே குடியிருப்புகளில் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்திருக்கின்றன. டிகுரூஸ் என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது முதல் எழுத்தையடுத்து ஒற்றை மேற்கோள்குறி வரும். அந்தப் பெயரைப் படிவத்தில் தட்டியதும் புதியவர் எழுதிய பக்கம் சிவப்பு எழுத்தில் பிழை காட்டி நிற்கும். பெயர் அங்கேயே முடிந்துவிட்டது என்று டேட்டாபேஸ் எடுத்துக்கொள்வதுதான் காரணம். பலர் அந்தக் குறியை மட்டும் நீக்கிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். ஆனால் அந்தப் பிழைச் செய்தி ஓர் எச்சரிக்கை. ஒரு பெயர் தற்செயலாகக் குவெரியை முறிக்க முடியுமென்றால், கெட்ட எண்ணத்தோடு வருபவர் அதே வழியில் தன் கட்டளையை உள்ளே நுழைத்துவிடலாம். இதற்கு எஸ்.க்யூ.எல். இன்ஜெக்‌ஷன் என்று பெயர். 2015இல் பிரிட்டனின் டாக்டாக் தொலைத்தொடர்பு நிறுவனம் இப்படித்தான் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களின் தகவலை இழந்து, 4 லட்சம் பவுண்டு அபராதத்துக்கு ஆளானது. திருத்தம் எளிது: மதிப்பைக் குவெரியோடு ஒட்டாமல், பாராமீட்டராகத் தனியே அனுப்புங்கள். ஜாவாவில் பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட், பி.எச்.பி.யில் பி.டி.ஓ. என எல்லா மொழியிலும் இதற்கு வழி இருக்கிறது. டிகுரூஸின் பெயரும் முழுதாகப் பதிவாகும்.

மூன்றாவது, முகவரியில் தெரியும் எண். உங்கள் ரசீதின் இணைய முகவரி 1045 என்று முடிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை 1046 என்று மாற்றினால் பக்கத்து வீட்டுக்காரரின் ரசீது திறக்கிறதா? திறந்தால், எழுதியவர் உள்நுழைவை மட்டும் சோதித்தார், கேட்கப்படும் வரி உள்நுழைந்தவருக்குச் சொந்தமா என்று சோதிக்க மறந்துவிட்டார். குவெரியில் ரசீது எண்ணோடு உறுப்பினர் எண்ணையும் நிபந்தனையாகச் சேர்த்தால் இந்த ஓட்டை அடைபடும். இந்தச் சோதனையை நீங்கள் எழுதிய தளத்தில் மட்டும் செய்யுங்கள். பிறர் தளத்தில் அனுமதியின்றித் துழாவுவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைக்கும் 5 லட்சம் ரூபாய் வரை அபராதத்துக்கும் இட்டுச்செல்லக்கூடிய குற்றம்.

நான்காவது, பாஸ்வேர்டைத் தட்டியபடியே சேமிப்பது. பலர் எல்லா இடத்துக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்திருப்பவர்கள். உங்கள் சின்னத் தளத்தின் டேபிள் கசிந்தால் அவர்களுடைய மின்னஞ்சலும் அதோடு போகும். பிகிரிப்ட், ஆர்கான்2 போன்ற முறைகளில் ஹாஷ் செய்து, அதாவது திரும்பப் படிக்க முடியாத வடிவுக்கு மாற்றி மட்டும் வையுங்கள். டேட்டாபேஸின் பாஸ்வேர்டை நிரலுக்குள்ளேயே எழுதி, அந்தக் கோப்பை நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் எல்லோரும் பார்க்க ஏற்றுவதும் இதே வகைப் பிழைதான்.

ஐந்தாவது, எழுத்தும் எண்ணும் சிதைவது. மெட்டுகுடா போன்ற இடத்தில் ஒரே பதிவேட்டில் தெலுங்கு, தமிழ், உருது, இந்திப் பெயர்கள் வரும். டேபிளின் எழுத்துக்குறி முறை சரியில்லையென்றால் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாகக் கேள்விக்குறிகள் நிற்கும். புரியாத கிறுக்கல்களாகத் தெரிந்தால் பெரும்பாலும் மீட்டுவிடலாம்; கேள்விக்குறியாகவே சேமிக்கப்பட்டுவிட்டால் பெயர் போனது போனதுதான். மைஎஸ்க்யூஎல்லில் டேபிளும் இணைப்பும் இரண்டுமே யூ.டி.எஃப்.8எம்.பி.4 ஆக இருக்கட்டும். எஸ்.க்யூ.எல். சர்வரில் என்வார்கேர் வகையைப் பயன்படுத்துங்கள்.

கைபேசி எண்ணை இன்ட் வகையில் வைப்பவர்களும் அதிகம். அந்த வகை 214 கோடியே 74 லட்சத்துச் சொச்சத்தோடு நின்றுவிடும். நம் கைபேசி எண்களோ 6 முதல் 9 வரையிலான இலக்கத்தில் தொடங்கும் பத்து இலக்க எண்கள்; ஒன்றுகூட அதற்குள் அடங்காது. கூட்டிக் கழிக்காத எண் எதுவானாலும் எழுத்து வகையில் வையுங்கள். தேதியைத் தேதி வகையிலேயே வையுங்கள். எழுத்தாக வைத்தால் வரிசைப்படுத்தும்போது ஏப்ரலும் மார்ச்சும் குழம்பும். பெயர் தப்பாகப் பதிவானால் ஒரு முதியவரின் உதவித்தொகை நின்றுபோகலாம் என்பது நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சரியான பெயரில் பதிவாவதும் உரிமைதான்.

கடைசியாக, எந்த வரியை மாற்ற வேண்டும் என்று சொல்லும் 'வேர்' நிபந்தனை இல்லாமல் ஓட்டிய அப்டேட் கட்டளை. ஒருவரின் பாக்கியைத் திருத்தப்போய் எல்லோருடைய பாக்கியும் பூஜ்யமாகிவிடும். அதே நிபந்தனையோடு முதலில் செலக்ட் ஓட்டி, எத்தனை வரி வருகிறது என்று பார்த்த பிறகே அப்டேட்டைத் தொடுங்கள். தினமும் பிரதி எடுங்கள். எடுத்த பிரதி திரும்ப ஏறுகிறதா என்றும் பாருங்கள். 2017 ஜனவரி இறுதியில் கிட்லேப் நிறுவனத்தில் தவறான சர்வரில் ஓடிய ஓர் அழிப்புக் கட்டளையால் சுமார் ஆறு மணி நேரத் தரவு திரும்பக் கிடைக்காமலே போயிற்று. பிரதி எடுக்கப் பல வழிகளை அவர்கள் அமைத்திருந்தும் தேவைப்பட்டபோது அவை கைகொடுக்கவில்லை.

கசிந்துவிட்டால் என்ன செய்வது?

உங்கள் தகவல் ஒரு தளத்தில் வெளியே தெரிகிறது என்றால், தேதியும் முகவரியும் தெரியும்படி திரையைப் படமெடுத்து வையுங்கள். தளத்தை நடத்துபவருக்கு எழுத்தில் தெரிவித்து, நீக்கச் சொல்லிப் பதில் கேளுங்கள். ஆதார் எண் வெளியானால் 1947 என்ற எண்ணில் ஆணையத்தை அழைக்கலாம். பயோமெட்ரிக்கைப் பூட்டி வைக்கும் வசதியும், உங்கள் ஆதார் கடந்த ஆறு மாதங்களில் எங்கெல்லாம் சரிபார்க்கப்பட்டது என்று பார்க்கும் வசதியும் உண்டு. பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அந்த அளவுக்குப் பணத்தை வழியிலேயே நிறுத்தும் வாய்ப்பு அதிகம். எந்தக் காவல் நிலையத்திலும் புகார் தரலாம். எல்லை வேறு என்று திருப்பி அனுப்பக் கூடாது என்பதற்காகவே ஜீரோ எஃப்.ஐ.ஆர். இருக்கிறது.

இழப்பீடு பற்றி ஒன்று. புதிய சட்டத்தின் அபராதத் தொகை அரசின் கருவூலத்துக்குப் போகும். பாதிக்கப்பட்டவர் கைக்கு வராது. நிறுவனத்தின் கவனக்குறைவுக்காக இழப்பீடு கோர தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவு வழி தருகிறது. 5 கோடி ரூபாய் வரையிலான கோரிக்கைகளை மாநிலத் தகவல் தொழில்நுட்பச் செயலர், தீர்ப்பு அதிகாரியாக இருந்து விசாரிப்பார். புதிய சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் நடைமுறைக்கு வரும்போது இந்தப் பிரிவு நீக்கப்படும் என்பதால், கோரிக்கை உள்ளவர்கள் வழக்கறிஞரை இப்போதே கலந்துபேசுவது நல்லது.

கசியவிட்டது நீங்கள் எழுதிய நிரல் என்றால் மறைக்காதீர்கள். முதலில் அந்தப் பக்கத்தை நிறுத்துங்கள், பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள், சர்வரின் பதிவுக் (லாக்) கோப்புகளை அழிக்காமல் எடுத்து வையுங்கள், வேலை கொடுத்தவரிடம் அன்றே சொல்லுங்கள். நிறுவனங்கள் இத்தகைய நிகழ்வைத் தெரிய வந்த ஆறு மணி நேரத்துக்குள் மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2022 ஏப்ரல் உத்தரவு சொல்கிறது.

சங்கத்திலோ கடையிலோ ஆதார் நகல் கேட்டால், எதற்கு, எங்கே வைப்பீர்கள், எப்போது அழிப்பீர்கள் என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. அமீர்பேட் வண்டியில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருக்கும் தம்பி, தங்கைகளுக்கும் ஒரு வேண்டுகோள்: இன்று வீடு திரும்பியதும், நீங்கள் செய்துகொடுத்த பதிவேட்டைத் திறந்து, அதில் உங்கள் அம்மாவின் பெயரையும் எண்ணையும் ஒரு வரியாகச் சேர்த்துப் பாருங்கள். யாருக்கெல்லாம் அந்த வரி தெரிகிறதோ, அவர்களுக்கெல்லாம் தெரிவதில் உங்களுக்குச் சம்மதம் இல்லையென்றால், அந்தப் பக்கத்தை இன்றே திருத்துங்கள்.