நலிந்த கழகமும் புதிய ஆட்டக்காரரும்

விளையாட்டுக் கழகம் ஒன்று தொடர்ந்து தோற்குமாயின், அதன் அபிமானிகள் முதலிற் கேட்கும் வினா, "புதிதாக யாரைச் சேர்க்கப் போகிறார்கள்?" என்பதே. பெயர்பெற்ற ஆட்டக்காரர் ஒருவர் ஒப்பமிட்டார் என்ற செய்தி வந்ததும் ஊரே மகிழ்கின்றது. அவரைச் சேர்த்தது நன்றா, தீதா என்பதோ ஈராண்டு, மூவாண்டு சென்ற பின்னரே தெளிவாகின்றது. அதற்கு முன்னரே மதிப்பிடுதற்கு வழியுண்டா? பெரும்பணம் புரளும் அமெரிக்க உதைபந்தாட்டத்தைக் கொண்டு இவ்வினாவை ஆராய்தல் பயனுடையதாகும்.

அமெரிக்கர் உதைபந்தாட்டம் என்று வழங்குவது இலங்கையில் அப்பெயரால் ஆடப்படும் ஆட்டம் அன்று. முட்டை வடிவான பந்தைக் கையில் ஏந்தி ஓடியும், எறிந்தும், பிடித்தும் ஆடப்படுவதால் அது றகருக்கே நெருங்கிய உறவுடையது. தேசிய உதைபந்தாட்ட லீக் எனப்படும் அமைப்பில் 32 தொழின்முறைக் கழகங்கள் உள்ளன. ஒவ்வொரு கழகத்திலும் 53 பேர் இடம்பெறுவர். இவர்களுள் பெரும்பாலோர் கல்லூரிகளிலிருந்து ஆண்டுதோறும் முறைப்படி தெரிவு செய்யப்பட்டு வருபவர். ஏனையோருள் பிற கழகங்களிலிருந்து வருபவரும் உளர்.

முற்காலத்தில், ஒப்பந்தக்காலம் முடிந்த பின்னரும் ஓர் ஆட்டக்காரர் தாம் விரும்பிய கழகத்திற் சேர்தல் அரிதாகவே இருந்தது. 1989 முதல் 1992 வரை, ஒவ்வொரு கழகமும் 37 ஆட்டக்காரரைத் தன் பிடியில் நிறுத்திக்கொள்ள விதி இடங்கொடுத்தது. 1992இல் மினியாப்பொலிஸ் நகரில் நடந்த வழக்கில், அவ்விதி வணிகப் போட்டிச் சட்டத்திற்கு முரணானது என யூரிமார் தீர்ப்பளித்தனர். அதன் பயனாக 1993 முதல், குறித்த ஆண்டுகள் ஆடி ஒப்பந்தம் முடிந்தவர், எக்கழகத்துடனும் பேரம் பேசும் உரிமை பெற்றனர். இவர்களையே சுயாதீன ஆட்டக்காரர் என்பர். அடுத்த ஆண்டிலே சம்பள உச்சவரம்பு வந்தது. 1994இல் ஒரு கழகம் தன் ஆட்டக்காரர் அனைவருக்குமாகச் செலவிடக்கூடிய தொகை 3 கோடியே 46 இலட்சம் டொலராக வரையறுக்கப்பட்டது. பின்னர் அவ்வரம்பு பன்மடங்கு உயர்ந்தபோதும், 2010ஆம் ஆண்டுப் பருவம் நீங்கலாக, வரம்பு என்பது நீங்கவில்லை. ஆகவே, ஆற்றிலே போட்டாலும் அளந்து போட வேண்டிய நிலை எல்லாக் கழகங்களுக்கும் உண்டாயிற்று.

இத்தகைய சேர்ப்பை மதிப்பிடுவோர் முதலில் கேட்க வேண்டியது, "வைத்திருந்தவர் ஏன் விட்டார்?" என்பது. ஓர் ஆட்டக்காரரின் உடல்நிலையையும் பழக்கவழக்கங்களையும் மிக அண்மையிலிருந்து அறிந்தது அவருடைய பழைய கழகமே. அது அவரைப் போகவிட்டதற்கு உச்சவரம்பின் நெருக்கடி காரணமாயிருக்கலாம். அவருடைய இடத்திற்கு இளையவர் ஒருவர் ஆயத்தமாய் இருந்திருக்கலாம். அல்லது, வெளியார் காணாத குறையொன்றை அது கண்டிருக்கலாம். முதலிரண்டு காரணங்களும் வாங்குவோருக்கு நன்மையானவை. மூன்றாவது தீமையானது.

இரண்டாவது வினா மெய்யான விலை யாது என்பது. பத்திரிகைகள் தலைப்பில் இடும் தொகை பெரும்பாலும் மெய்யான தொகை அன்று. கழகம் எந்நிலையிலும் கொடுத்தே தீரவேண்டிய உத்தரவாதப் பணமே கவனிக்கத்தக்கது. ஒப்பமிடும்போது கொடுக்கும் முற்பணம், உச்சவரம்புக் கணக்கில் ஒப்பந்த ஆண்டுகளுக்குப் பகிர்ந்து எழுதப்படும். ஐந்தாண்டுக்கு மேற் பகிர முடியாது. உதாரணமாக, 2 கோடி டொலர் முற்பணத்துடன் ஐந்தாண்டு ஒப்பந்தம் செய்தால் ஆண்டொன்றுக்கு 40 இலட்சம் கணக்கில் ஏறும். ஈராண்டின் பின் அவர் நீக்கப்பட்டாலோ, மீதி 1 கோடியே 20 இலட்சம் அவர் ஆடாத காலத்துக் கணக்கிலே சுமையாக விழும். மேலும், வரவேற்பதிலும் மிகுதியாகச் சுயாதீன ஆட்டக்காரரை இழக்கும் கழகத்திற்கு, அடுத்த ஆண்டின் கல்லூரித் தெரிவில் மேலதிக இடங்கள் ஈடாகக் கிடைப்பதுண்டு. வாங்கிக் குவிக்கும் கழகம் அவ்வீட்டையும் இழக்கின்றது.

மூன்றாவது, அவ்வாட்டக்காரர் நிரப்பப்போகும் இடம் யாது, பயிற்றுநரின் ஆட்டமுறைக்கு அவர் பொருந்துவரா என்பது. நான்காவது, அவர் வயது என்ன, உடலில் ஊறு உண்டா என்பது. சென்ற காலத்து உழைப்புக்குக் கூலி கொடுப்பவர் பழைய கழகத்தார். வருங்காலத்து உழைப்பையே புதிய கழகம் வாங்குகின்றது.

இவ்வினாக்கள் மெய்யான நிகழ்ச்சிகளில் எவ்வாறு விடை பெற்றன என்பதை இனி நோக்கலாம்.

கிறீன் பே என்னும் சிறிய, குளிர்மிகுந்த நகரின் கழகம், 1968 முதல் 1992 வரையான 25 பருவங்களில் இறுதிச் சுற்றுகளுக்குச் சென்றது 1972, 1982 ஆகிய இரு தடவைகளே. 1993ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அக்கழகம் பிலடெல்பியாவின் தற்காப்பு வீரர் றெஜி வைற்றை நான்காண்டுக்கு 1 கோடியே 70 இலட்சம் டொலர் கொடுத்துச் சேர்த்தது. அவர் பிலடெல்பியாவுக்காக 121 ஆட்டங்களில் ஆடி, பந்தை எறிய நின்ற எதிரணித் தலைவரை 124 தடவை வீழ்த்தியவர். வயது 31 ஆயினும் ஆற்றல் குன்றாதவர். 1993ஆம் ஆண்டுப் பருவத்திலேயே கழகம் இறுதிச் சுற்றுக்குச் சென்றது. 1997 ஜனவரியில் நடந்த சூப்பர் போல் இறுதியாட்டத்தில் நியூ இங்கிலாந்தை 35க்கு 21 எனத் தோற்கடித்தது. அன்று வைற் மும்முறை எதிரணித் தலைவரை வீழ்த்தினார்.

எனினும், இவ்வெற்றியை ஒருவர் கணக்கில் மட்டும் எழுதுதல் முறையன்று. முகாமையாளர் றொன் வூல்ப், 1992இலேயே அற்லாண்டாவிலிருந்து பிறெற் பாவ் என்னும் இளைஞரைப் பரிமாற்றத்தின் மூலம் பெற்றுத் தாக்குதலின் தலைமையை உறுதியாக்கியிருந்தார். அவ்விறுதியாட்டத்தின் சிறந்த வீரராகத் தெரிவானவரோ, வேறு கழகங்களில் ஒளி மங்கி, 1996இல் ஆரவாரமின்றி வந்து சேர்ந்த டெஸ்மண்ட் ஹவார்ட். எதிரணி உதைத்த பந்தை ஏந்தி 99 யார் ஓடி அவர் பெற்ற புள்ளிகளே ஆட்டத்தின் போக்கைத் தீர்த்தன. பெரிய விலைக்கு வந்தவர் கட்டடத்தின் தூண் ஆவார்; சிறிய விலைக்கு வந்தவர் சில வேளை அதன் கதவைத் திறக்கும் திறவுகோலாவார்.

இதற்கு மாறான நிகழ்ச்சி வாஷிங்டனில் உண்டு. அக்கழகம் 2009இல், ரெனசிக் கழகத்தின் தற்காப்பு வீரர் அல்பேட் ஹெயின்ஸ்வேர்த்தை ஏழாண்டுக்கு 10 கோடி டொலர் எனப் பேசிச் சேர்த்தது. உத்தரவாதப் பணம் மட்டும் 4 கோடியே 10 இலட்சம். அவருடைய திறமை பொய்யன்று. அதற்கு முந்திய இரு பருவங்களிலும் லீக்கின் தலைசிறந்த அணியில் அவர் இடம்பெற்றிருந்தார். ஆயின், 2009இல் வாஷிங்டன் 4 ஆட்டங்களில் வென்று 12இல் தோற்றது. அடுத்த ஆண்டு வந்த பயிற்றுநர் மைக் ஷனஹான் தற்காப்பு முறையையே மாற்றினார். புதிய முறையில் ஆட ஹெயின்ஸ்வேர்த் உடன்படவில்லை. உடற்றகுதிச் சோதனையிலும் தேறத் தாமதித்தார். ஈராண்டில் 20 ஆட்டங்களே ஆடி, 2011இல் வேறு கழகத்திற்கு அனுப்பப்பட்டார். ஆட்டக்காரரின் குறை ஒருபுறமிருக்க, தான் எம்முறையில் ஆடப்போகின்றது என்பதைத் தானே அறியாத கழகம் பெருவிலை கொடுத்தது என்பதே இதிலுள்ள பெரிய பாடம்.

யாவற்றிலும் மிகுந்த கவனத்திற்குரியது நியூ ஓர்லியன்ஸ் நகரின் கதை. 2005 ஓகஸ்டில் கத்ரீனா சூறாவளி அந்நகரை வெள்ளத்தில் ஆழ்த்தியது. வீடிழந்தோருக்குப் புகலிடமாயிருந்த சூப்பர்டோம் அரங்கு சேதமுற்றது. கழகம் ஊரூராகச் சென்று ஆடி, 3 ஆட்டங்களில் வென்று 13இல் தோற்றது. கழகம் நகருக்குத் திரும்புமா என்றே மக்கள் ஐயுற்றனர். 2006 மார்ச்சில் அக்கழகம், சான் டியாகோ விட்டுக்கொடுத்த ட்றூ பிறீஸை ஆறாண்டுக்கு 6 கோடி டொலர் பேசிச் சேர்த்தது. தாக்குதலை நடத்திப் பந்தை எறியும் குவாட்டர்பக் அவர். 2005 டிசம்பர் 31ஆம் திகதி அவருடைய எறியும் தோள்மூட்டே விலகிக் கிழிந்திருந்தது. சத்திரசிகிச்சை முடிந்து சில வாரங்களே ஆகியிருந்தன. சான் டியாகோவில் அவருக்குப் பின் இளையவர் ஒருவர் காத்திருந்தார். மயாமிக் கழகமும் பிறீஸை விரும்பியதாயினும், வைத்தியர்கள் தோளைப்பற்றி ஐயுற்றமையால், டான்ரே கல்பெப்பரைப் பரிமாற்றத்தால் பெற்றது.

கல்பெப்பரின் முழங்காலும் முந்திய பருவத்தில் ஊறுபட்டதே. அவர் 2006இல் நான்கு ஆட்டங்களே ஆடினார். மயாமி 6இல் வென்று 10இல் தோற்றது. நியூ ஓர்லியன்ஸோ 10இல் வென்று, 1967இல் தோன்றிய தன் வரலாற்றில் முதற்றடவையாகத் தன் பிரிவின் இறுதியாட்டம் வரை சென்றது. 2010 பெப்ரவரி 7ஆம் திகதி இண்டியானாபொலிஸை 31க்கு 17 என வென்று சூப்பர் போலை அடைந்தது. பிறீஸே அன்றைய சிறந்த வீரர்.

மயாமியின் வைத்தியரை இதனால் இகழ்தல் தகுமா? அன்று கையிலிருந்த சான்றைக் கொண்டு நோக்கின் அவர்கள் ஐயம் நியாயமானதே. ஒரு தீர்மானம் நல்லதா என்பது வேறு. அதன் விளைவு நல்லதா என்பது வேறு. ஆனால் ஒருவரின் ஊற்றுக்கு அஞ்சி, ஊறுபட்ட மற்றொருவரை ஏற்றதில் அளவுகோல் ஒன்றாயில்லை. குறை கூறுவதாயின் அதனையே கூறலாம். நியூ ஓர்லியன்ஸிலும் பிறீஸ் தனியே வரவில்லை. ஷோன் பேற்றன் என்னும் புதிய பயிற்றுநர் அதே ஆண்டில் வந்தார். அவருடைய ஆட்டமுறை பிறீஸின் திறமைக்கு இசைந்தது. கல்லூரித் தெரிவில் 252ஆவதாக எடுக்கப்பட்ட மார்க்கெஸ் கோல்ஸ்ரன், முதற்பருவத்திலேயே ஆயிரம் யாருக்கு மேற் பந்தைப் பிடித்து முன்னேறினார்.

ஆகவே, நலிந்த கழகமொன்று புதியவரைச் சேர்க்கும்போது, பெயரின் புகழையும் தொகையின் பெருமையையும் கொண்டு தீர்ப்புச் சொல்லுதல் ஆகாது. வென்ற கழகத்திற்கு வீரர் குறைந்த விலைக்கும் வருவர். தோற்ற கழகமோ ஏலத்தில் உயர்த்திக் கேட்டே ஒருவரைப் பெறவேண்டும். அம்மேலதிக விலை வீணாகாதிருக்க வேண்டின், பழைய கழகம் விட்ட காரணம், உத்தரவாதப் பணம், ஆட்டமுறையின் பொருத்தம், உடல்நிலை ஆகிய நான்கும் ஒருங்கே ஆராயப்படுதல் வேண்டும். இவற்றுக்கு விடை கண்டபின் கழகம் தோற்பினும், அதன் முகாமையாளர் கடமையிற் தவறியவராகார். விடை காணாது வென்றவரோ, அடுத்த தடவையும் அவ்வாறே வெல்வார் என்பதற்கு ஆதாரமில்லை.